பின் சீட்டின் பாரம்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது எனக்கு நடந்தது. என் மனைவி பஸீஹாவும் கண்ணால் கண்டாள்.

பெற்றோல் கிடைக்காத வருடம். கண்டக்குழியில் இருந்தோம். பஸீஹாவுக்கு ஏழு மாதம். புத்தளத்துக்குக் கிளினிக் போக வாகனமே இல்லை. பாலாவியில் தன் வீட்டு முற்றத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஜவ்பர் நானாவிடம் எஞ்சின் இல்லாத பைக் ஒன்றை வாங்கினேன். வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் வைத்து அதற்குக் கரண்டு மோட்டார் பூட்டினேன். மோட்டாரிலிருந்து பின் சில்லுக்கு ஒரு செயின். அவ்வளவுதான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து முதல் தடவையாக ஓடவிட்டுப் பார்த்தேன். பைக்கை மரக்குற்றிகளில் ஏற்றியிருந்தேன். பின் சில்லு தரையில் படவில்லை. பாரமில்லாத சில்லு விர்ரென்று சுற்ற வேண்டும்.

சுற்றவில்லை. ம்ம்ம்... என்று மோட்டார் முக்கியது. செயின் கம்பி போல விறைத்து நின்றது. மீட்டரைப் பார்த்தேன். ஆளை ஏற்றிக்கொண்டு மணலில் ஓடினால் எவ்வளவு கரண்டு இழுக்குமோ, அவ்வளவு இழுத்தது.

செயின் இறுகிப்போயிருக்கும் என்று நினைத்துத் தளர்த்தினேன். அதே முனகல். சில்லு மெல்ல மெல்லச் சுற்றியது.

சுவிட்சை அணைத்தேன். நிற்கவில்லை.

பற்றரி வயரைப் பிடுங்கினேன். செயினையும் கழற்றிக் கீழே போட்டேன்.

டிக்... டிக்... டிக்... சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் சீட்டைக் கண்டேன். பின்பக்க மெத்தை அமுங்கிப்போய் இருந்தது.

கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் போகும் வாசலில் பஸீஹா தேத்தண்ணியோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆரு அது, பின்னுக்கு இரிக்கிற?"



க்ரீக்... மெத்தை மெதுவாக மேலே வந்தது.

சில்லு நின்றது.

பஸீஹாவின் கண்கள் நகர்ந்தன.

பிறகு அவள் விலகி... வழி விட்டாள்.

மறுநாள் மீன் லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு பாலாவிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஜவ்பர் நானா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். களப்புத் தண்ணிக்குள் இருந்து தூக்கிய பைக் அது என்றும், அதில் போன இரண்டு பொடியன்மாரும் மூழ்கி மௌத்து என்றும் அப்போதுதான் சொன்னார். பிறகு கேட்டார்:

"எத்தின பேர் எறங்கின?"

"ஒராள்."

அவர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மத்தவர் முந்தியே இஞ்ச எறங்கிட்டார். பைக்கக் கொண்டு போங்க தம்பி. இனி அதுல ஆருமில்ல."