சாப்பிட்டுட்டுத்தானே போடுறாரு?

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. வயிற்றில் புண் உண்டா, சுகர் உண்டா, சாப்பிட்டாச்சா, வேறு என்ன மாத்திரை ஓடுது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பதிலுக்கு, "கேட்டதைக் குடும்மா, போலீஸ் மாதிரி விசாரிக்காத" என்று ஏச்சு விழும். என்னைப்போல கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் மரத்துப்போன சகோதர சகோதரிகளுக்கு இது ஒன்றும் புதுசில்லை.

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகிற ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். தூக்க மாத்திரை என்றால் வாங்குகிறவர்களே கொஞ்சம் பயப்படுவார்கள். யாருமே பயப்படாத மருந்து வலி மாத்திரைதான். கடலை மிட்டாய் மாதிரி கேட்பார்கள். எனக்கோ அதைக் கத்தரித்துக் கொடுக்கும்போதெல்லாம் பயம்தான். போன வருஷம் என் கையால் ஓர் உயிர் போயிருக்கும். சொல்கிறேன், கேளுங்கள்.

சட்டைப் பையில் இருந்த துண்டு

நடவு சமயம், உச்சி வெயில். தொளதொளவென்று சட்டை போட்ட ஒருவர் வந்து, ஒரு துண்டு அட்டையைக் கவுண்டரில் வைத்தார். இரண்டே மாத்திரை. பெயர் இருந்த பக்கத்தை யாரோ கத்தரித்துவிட்டார்கள். "இதே மாதிரி பத்து குடுங்க, முட்டி வலி" என்றார். பெயர் தெரியாமல் நான் என்ன சோழி உருட்டியா பார்ப்பது? திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஓரத்தில் பாதி எழுத்து தெரிந்தது. டைக்ளோஃபெனாக். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லையாம், அண்ணன் சட்டைப் பையில் இருந்ததாம். "இந்தச் சட்டைதான்" என்று தான் போட்டிருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

அண்ணன் ஏற்கெனவே இருதயத்துக்கு மருந்து சாப்பிட்டவர் என்று பேச்சில் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருதயக் கோளாறு உள்ளவர் இந்த மாத்திரையைத் தன் இஷ்டத்துக்குப் போட்டால் மாரடைப்பிலேயே கொண்டுபோய் விடும், அண்ணனிடம் போய் உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று படபடவென்று பொரிந்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவரு போனது நெஞ்சு வலியிலதாங்க. ஆனா கடைசி வரைக்கும் முட்டி வலி மட்டும் வரவே இல்ல."

குறையே சொல்லாத மனிதர்

வசந்தாம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று மா நிலம். களையெடுப்பு, மடை திறப்பு எல்லாம் அவர்தான் பார்க்கிறார். பிள்ளை சிங்கப்பூரில். பத்து நாளைக்கு ஒருமுறை, நாலாக மடித்த டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு வருவார். வீட்டுக்காரர் பெயர், அறுபத்தொரு வயசு, மூட்டு வலி, வலி மாத்திரை. தேதி இருந்த இடம் மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. புதுச்சீட்டு வாங்கி வாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் கொடுத்தும் விடுவேன். அது என் தப்பு. யார்மேலும் போட முடியாது.

கேள்வியை மட்டும் ஒன்றுகூட விடமாட்டேன். வயிற்றெரிச்சல் இருக்கிறதா? "ஒண்ணும் இல்லைங்க." பிரஷர், சுகர்? "முன்ன இருந்துச்சு. இப்ப எதுவும் இல்லைங்க." சாப்பிட்டுட்டுத்தானே போடுறாரு? "அவருக்கு வைக்காம எங்க வீட்டுல யாரும் வாயில வைக்கறதில்லைங்க." தண்ணி நிறையக் குடிக்கிறாரா? "முன்னாலயே செம்புல இருக்குங்க." வயலுக்குப் போகிறாரா? "எங்கயும் போறதில்லை. வீட்டோட இருக்காரு." இப்படி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வலி எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதற்கு, பையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லைங்க."

மூடாத குழி

அறுவடை மெஷின் ஓட்டுகிற ஒருவர் மூன்று அட்டைகளோடு வந்தார். மூன்று ஊர், மூன்று கடை, மூன்று பெயர். மூன்றும் ஒரே வகை வலி மாத்திரை. இடுப்பு வலிக்கு ஒன்று, கழுத்து வலிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று அவராகவே பங்கு பிரித்திருந்தார். இது போதாதென்று பிரஷர் மாத்திரை வேறு. நாள் முழுக்க வெயிலில் மெஷின்மேல் உட்கார்ந்துகொண்டு, அடிக்கடி இறங்கவேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிப்பதில்லையாம்.

முகம் உப்பியிருந்தது. ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன், குறைந்துவிட்டது என்றார். ஐயோ சாமி, இது கிட்னியைப் பதம் பார்க்கிற வேலை, மூன்றையும் இங்கேயே வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கத்தினேன். அவர் பதற்றமே இல்லாமல் கைலியை முழங்கால்வரை தூக்கினார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "மூடுற வரைக்கும் எம் பொண்ணு எண்ணும்ங்க. நேத்து நாப்பது வரைக்கும் எண்ணுச்சு."

அவர் போனார், வைத்தியம் பார்த்துக்கொண்டார், பிழைத்தார். எனக்குத்தான் ஒரு வாரம் எதைத் தொட்டாலும் குழி விழுகிற மாதிரி இருந்தது.

வாசல் தாண்டாதவர்

அந்த வாரக் கடைசியில் வசந்தாம்மா வந்தார். நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டார். உதடு வெளுத்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், சீக்காளியைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். புத்தி கெட்டவள் நான். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்: "தார் மாதிரி கறுப்பா வெளிக்கிப் போனா எதாவது மாத்திரை இருக்குங்களா?"

"அவருக்கா?" என்றேன். "மாத்திரை இருக்குங்களா, சொல்லுங்க" என்று முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிந்தால்தான் அப்படிப் போகும், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். அவரால் வாசலைத் தாண்ட முடியாது என்றார். வலி மாத்திரையைத் தரமாட்டேன், சீட்டையும் தரமாட்டேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குத் திரும்பினவர் நின்று சொன்னார்: "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு பாவம், ஒண்ணும் செய்யல."

தட்டு

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளியைக் கவுண்டரில் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அந்த மனுஷனை நானே தூக்கி வண்டியில் ஏற்றுவது என்ற வேகம். வாய்க்கால் மதகைத் தாண்டி மூன்றாவது வீடு என்று அவரே முன்னே சொல்லியிருந்தார். கதவு திறந்திருந்தது. "ஐயா, மெடிக்கல்லேருந்து வர்றேன்" என்று இரண்டுதரம் கூப்பிட்டேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். எட்டிப் பார்த்தேன்.

ஃபேனுக்கு நேர்கீழே ஒரு நாற்காலி. நாற்காலியில் மாலை போட்ட போட்டோ. முன்னால் தட்டில் காய்ந்துபோன நாலு இட்டிலி, செம்பில் தண்ணீர், பக்கத்தில் நான் கத்தரித்துக் கொடுத்த அட்டை, எல்லாக் குழியும் காலி. போட்டோவுக்குக் கீழே மறைந்த தேதி போட்டிருந்தது. அவர் போய் இரண்டு வருஷம். ஒன்றரை வருஷமாக நான் அவருக்கு வயிறு எரிகிறதா, சாப்பிட்டாரா, தண்ணி குடித்தாரா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போட்டோவில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படி வாசலில் வசந்தாம்மா சுருண்டு கிடந்தார். உடம்பெல்லாம் ஐஸாக வேர்த்திருந்தது. கண்ணைத் திறந்து, "அவரு கூப்பிட்டாருங்களா?" என்றார். 108-க்கு போன் போட்டேன். வண்டி வருகிறவரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக, ஏம்மா இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். தனக்கு வலி என்று தெரிந்தால் பிள்ளை நிலத்தைக் கொடுத்துவிட்டு சிங்கப்பூருக்கு வா என்று நிற்பானாம். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? விடியற்காலம் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வயலுக்குப் போய், வெறும் வயிற்றில் பால் விடாத டீயோடு முழுங்கிவிடுவாராம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "சாப்பாடு அவருக்கு, மாத்திரை எனக்கு. நீங்க கேட்டதுக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லலீங்க."

நாலும் ஒன்றும்

கும்பகோணத்தில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். பிள்ளை வந்து, பார்த்து, சண்டை போட்டு, கடைசியில் நிலத்தை உழ ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அந்தப் பழைய சீட்டு மட்டும் என் மேசை டிராயரிலேயே இருக்கிறது. கிழித்துப்போடக் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து பதினோரு மணி பஸ்ஸில் வசந்தாம்மா இறங்கினார். கையில் புதுச்சீட்டு, இந்தத் தடவை தன் பெயரிலேயே. வயிற்றுப்புண்ணுக்கு மருந்து, முட்டிக்கு பாராசிட்டமால், தினம் செய்யவேண்டிய கால் பயிற்சி. எந்த வலி மாத்திரையும் இனி டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சிவப்பில் கோடு போட்டிருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷம், சாப்பிட்டீங்களா என்று வாய்வரை வந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்: "காலைல நாலு இட்டிலி நான் சாப்பிட்டேன். அவருக்கு ஒண்ணுதான் வச்சேன். ஒண்ணும் சொல்லலைங்க."

இப்போதெல்லாம் யார் வந்து எந்த வலி மாத்திரை கேட்டாலும் முதல் வேலையாக "முழுங்கப் போறது யாரு?" என்று கேட்டு, பதினெட்டு வருஷமாக வாங்குகிற ஏச்சில் புதுசாக இதையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.