அப்பாவின் படம் ஏலம் போன ஞாயிறு

அப்பா வரைந்த படங்களில் ஒன்றே ஒன்றுதான் விலைபோனது. அதுவும் இரண்டு பேர் போட்டி போட்டு விலைபோனது. இதை அம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஆரம்பித்ததும் நான் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அப்போது நாங்கள் பம்மலில் குடியிருந்தோம். பல்லாவரத்தில், கன்டோன்மென்ட் பக்கம், ஒரு பழைய பங்களாவில் ஏலக்கடை இருந்தது. மாற்றலாகிப் போகும் ஆபீசர்கள், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் என்று எல்லோரும் பியானோவையும் பீங்கானையும் எண்ணெய்ச் சாயப் படங்களையும் அங்கேதான் கொண்டுவந்து இறக்குவார்கள். சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏலம். ஒரு படம் நல்ல படமா இல்லையா என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? ஏலக்கார சார் சுத்தியலைத் தட்டினால் அது நல்ல படம். தட்டாவிட்டால் வெறும் சாயம் பூசிய துணி. அவ்வளவுதான் எங்கள் கலை ஞானம்.

அப்பா ஓர் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். வாரம் முழுக்கப் பாலமும் மதகும் வரைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தனக்காக வரைவார். வீடெல்லாம் டர்பன்டைன் நாறுகிறது என்று அம்மா கரித்துக்கொட்டுவாள். ஒருநாள் பேச்சு முற்றியபோது அப்பா சொன்னார்: "இப்ப வரைஞ்ச இந்தப் படத்தை ஏலத்துல வைக்கிறேன். ஒரே ஒரு ஆள் படத்துக்காகக் கை தூக்கட்டும், நான் வரையறதை நீ தடுக்கக் கூடாது. யாருமே தூக்கலேன்னா பெட்டியை மூடி பரண்ல போட்டுடறேன்." அம்மா உடனே சரி என்றாள்.

அந்தப் படத்தில் பல்லாவரம் மலை இருந்தது. மலைமேல் யாரோ ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டி நின்று, தாழப் பறந்து இறங்கும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமே இல்லாத படத்தை எவன் வாங்குவான் என்று எனக்குத் தோன்றியது. அப்போது ஏழாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன் என்றாலும் அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த ஏலக்கடையில் சாமான்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டுகிற வேலையில் இருந்தார். அவர்தான் வழி சொன்னார். "இன்னா மச்சான், வெறும் துணியத் தூக்கிக்கினு வந்தா எவன் பாப்பான்? ஒரு வெள்ளக்கார வூட்லேர்ந்து காலி ஃபிரேம் ஒண்ணு வந்து மூலைல கீது. தேக்கு. சும்மா தங்கமாட்டம் மின்னும். அதுல மாட்டிர்றேன், அப்பறம் பாரு!" காலி ஃபிரேம் தனியாகப் போணியாகாது என்று ஏலக்கார சாரும் தலையாட்டிவிட்டார். மாமாவின் மூளையை மெச்சி அம்மா அன்று அவருக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சைக்கிளில் அழைத்துப்போனார். விற்கிறவர் முன்னால் உட்காரக் கூடாது என்பது அங்கே வழக்கம். அப்பா கடைசியில் தூணோரமாக நின்றுகொண்டார். எனக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் யார் என்று பார்த்தால், என் வகுப்பில் படிக்கும் ஆபீசர் வீட்டுப் பெண்! வகுப்பில் மற்ற பெண்களை விட்டுவிட்டு என்னோடு அவள் பேசினாலே அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்று அவளே நகர்ந்து இடம்விட்டாள். நான் கால் தரையில் பாவாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் என் காதோரம் குனிந்தாள். "ஐயே, காலண்டர் மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணோட பின்னலைப் பாரேன், ஒண்ணு மேல ஒண்ணு கீழ! யாரு வரைஞ்சது இது?"

"யாரோ. எனக்கென்ன தெரியும்?" என்றேன். அதோடு நிறுத்தினேனா? அவள் சிரித்தாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். 

ஆனால் கை தூக்கினார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிற இருவர் மாறி மாறித் தூக்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தேன். அப்பா தூணை விட்டு நகர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்றார். அவரை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை. மூன்று தரம் சொல்லி சுத்தியல் விழுந்தது. இது எங்கப்பா வரைந்தது என்று இப்போது சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அவள் எழுந்து வராந்தாவுக்குப் போக, நானும் பின்னாலேயே ஓடினேன்.

வராந்தாவில் படத்தை எடுத்த கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு, குறடால் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். துணியை அதன் உள்சட்டத்தோடு உருவி வெளியே வைத்தார். "சோக்கான ஃபிரேம்! பெருமாள் படம் போட்டா சந்தைல அள்ளிக்கினு பூடுவான்" என்றார். அப்பா வெளியே வந்து நின்றதை நான் பார்த்தேன். கடைக்காரர் என்னையும் அவளையும் பார்த்து, "பாப்பா, இந்தப் படம் வோணுமா? சும்மாதான், எத்துனு போ" என்று நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம். அது யாருதோ" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

கடைக்காரர் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். அப்பா இரண்டு எட்டில் அதன் அருகில் வந்தார், ஒரு கணம் நின்றார், பிறகு கடந்துபோய் சைக்கிள் பூட்டைத் திறந்தார். குனிந்து எடுக்க எவ்வளவு நேரமாகும்? எடுத்திருந்தால் அந்தப் பெண்ணின் முன்னால் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அப்பாடா, அவர் காதில் விழவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பம்மலில் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் அப்பா, "அந்தப் பொண்ணு உன் ஃபிரெண்டாம்மா? வீட்டுக்கு ஒருநாள் கூட்டிட்டு வா" என்றார்.

வாசலிலேயே அம்மா மறித்தாள். "யாராவது கை தூக்கினாங்களா?"

"ரெண்டு பேர் தூக்கினாங்க. போட்டி போட்டாங்க" என்றார் அப்பா. பொய் இல்லை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இனி டர்பன்டைன் நாற்றத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டேன் என்று சொல்லி, கேசரி கிளறினாள். நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். அப்பா கைகழுவிவிட்டு வந்து, சாயப்பெட்டியை மூடி, முக்காலிமேல் ஏறிப் பரணில் வைத்தார். ஜெயித்த மனுஷன் ஏன் மூட்டை கட்டுகிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னினாள். "ஆடாதேன்னா கேக்கறியா? பாரு, தினமும் இதே கதைதான். ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். எதிரே அப்பா பேப்பரை இறக்கி, என் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைமேல் நின்ற அந்தச் சிறுமி யாரென்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"சீக்கிரம் பின்னும்மா, பஸ் போயிடும்" என்றேன்.