கோட்டையைச் சுற்றிக் காட்டிய புண்ணியவான்

போன ஞாயிற்றுக்கிழமை ஆலம்பரைக் கோட்டைக்குப் போயிருந்தேன். என்னோடு காரில் வந்தவர் காளியம்மா. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமை விற்பவர். நாலு வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவரிடம்தான் சாமை.

அவர் மகள் செல்விக்குக் கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஹாஸ்டல் வாசம். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, அதுவும் பகல் பன்னிரண்டு வரைக்கும்தான் பெற்றவர்கள் பார்க்கலாம். மலையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது.

"நான் அந்தப் பக்கம்தான் போறேன், கார்ல வாங்க" என்றேன். பெரிய மனசு பாருங்கள் எனக்கு!

சனிக்கிழமையே மலையிறங்கி, சந்தவாசலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் ஏறினார். மடியில் ஒரு துணிப்பை. செல்விக்குச் சாமை மாவு உருண்டை.

எட்டரைக்குக் கடலோரக் கோட்டைக்கு வந்துவிட்டோம். நேராகப் பெண்ணிடம் போயிருக்கலாம். ஆனால் வெயில் ஏறினால் போட்டோ நன்றாக வராதே...

இடிந்த செங்கல் மதில் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள் என்று அவருக்கு லெக்சர் வேறு.

"மணி இன்னா சார் ஆவுது?"

"ஒன்பதரை. நிறைய டைம் இருக்கு."

பிறகு படகேறி, கழிமுகத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு. அலையைப் பார்த்து அவர் அசந்து நிற்பதை வீடியோ எடுக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. அவரோ கரையில் நின்ற படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி இன்னா சார்?"

பத்தே முக்கால். கிளம்பலாமென்று வந்தால், ஆள் சேராமல் படகை எடுக்க மாட்டேன் என்கிறார் படகுக்காரர். இக்கரைக்கு வரும்போது பதினொன்றரை!

பறந்தேன். ஹாஸ்டல் வாசலில் பன்னிரண்டு நாற்பது.

"டைம் முடிஞ்சிபோச்சும்மா. அடுத்த மாசம் வாங்க" என்றார் வாட்ச்மேன். கெஞ்சினேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"சீக்கிரம் போகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன் காளியம்மாவிடம்.

"வண்டி உங்க வண்டிங்க. நான் எப்டி சொல்றது?"

சுருக்கென்றது. மலையில் பஸ் குறைச்சல். டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து பழகியவர்கள். ஓசியில் ஏற்றி வந்தவனிடமா அவசரப்படுத்துவார்? மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை மணி கேட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. உதவி செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் அவர் போன் அடித்தது. செல்விதான். காருக்குள் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"காத்தாலயே கெளம்பிட்டேன்னு சொன்னியேம்மா? கேட்டாண்டயே நின்னுனு இருந்தேனே... எங்க போய்ட்ட?"

காளியம்மா என்னை ஒரு முறை பார்த்தார்.

"வழியில சாரு வண்டி பஞ்சராய்ட்ச்சிம்மா. பாவம், அவரு இன்னா பண்ணுவாரு?"

நாலு டயரும் நன்றாகத்தான் இருந்தன.