அக்காவின் புளிப்பில்லாத அப்பமும் நான் சொன்ன பொய்யும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்த ஆராதனைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். உங்களில் அவரைப் புகழாதவர்கள் யாரும் இருக்க முடியாது. அந்தப் புகழையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டு, முகத்தில் சிரிப்பும் உள்ளே எரிச்சலுமாக வாழ்ந்த தங்கை நான். "நல்லத மட்டும் எழுதுங்கம்மா" என்று என் பிள்ளைகள் சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லதைத் தவிர எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் என்னைப் பற்றியது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு வாய்க்கால்கரைக் கிராமத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான். எங்களுக்கு இருந்தது மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆற்றில் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் தரிசு. அக்கா தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்பா காலமானார். அதன் பிறகும் அக்கா படிப்பை விடவில்லை; விடுமுறை கிடைத்தால் ஊருக்கு வந்து களை பறிக்கவும் கூச்சப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பாட எழுந்தால் பின்வரிசையில் அழும் குழந்தைகூட அடங்கும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் என் கன்னத்தைத் தட்டி, "நீயும் அக்கா மாதிரி பாடுவியா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருதி சேராது. அவர்களுக்கும் அது தெரியும்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார். பாதிப்பேர் வளைகுடாவுக்கு; கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கு. அக்காவுக்கு வாய்த்தது இஸ்ரேல். வயதான ஒரு யூத அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மா இளம் வயதில் கொச்சியிலிருந்து குடும்பத்தோடு அங்கே குடியேறியவர். மலையாளம் மறக்கவில்லை. அக்காவின் தமிழும் அவரது மலையாளமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டன.

நான் அப்போது மணமாகி மன்னார்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஊரில் தனியாக இருந்த அம்மாவை என்னோடு அழைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பால் காய்ச்சுவதும், தலை சீவுவதும், மாத்திரை கொடுப்பதும் நான். ஆலயத்தில் ஜெபிக்கும்போது போதகர் சொல்வதோ, "புனித பூமியில் பணிபுரியும் நம் சகோதரிக்காக" என்று. அக்கா அனுப்பிய யோர்தான் ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு வேண்டி எத்தனையோ பேர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் குளத்துத்தெருக் குழாயடியில் பிடித்து வந்த தண்ணீரை யாரும் கேட்கவில்லை.

அக்கா மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அம்மாவுக்குக் கண்புரை. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் வருடப் பண்டிகைக் காலத்தில் வந்த கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம். யூதர்களின் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையில் ஏழு நாள் வீட்டில் புளித்த மாவுப் பண்டம் துளியும் இருக்கக் கூடாதாம்; அதற்கு ஒரு மாதம் முன்பே அந்த வீட்டில் வேலை தொடங்கிவிடுகிறதாம். அலமாரி, மேசை இழுப்பறை, கோட்டுப் பை, எல்லாவற்றையும் கவிழ்த்து ரொட்டித் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் மெழுகுவர்த்தியும் ஓர் இறகுமாக மூலை மூலையாகத் தேட வேண்டும். கொச்சிக்காரர்கள் அந்த ஏழு நாளும் சோறு உண்பார்களாம். ஆனால் அரிசியை மணி மணியாக, மூன்று முறை ஆராய்ந்தாக வேண்டும். "நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அரிசி ஆயக் கத்துக் குடுக்கறாங்கம்மா" என்று அக்கா எழுதியிருந்தார். அதை வாசித்தேன். அம்மா சிரித்தார்.

அடுத்த வரியில், "அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேடும்போதெல்லாம் உங்கள் கைதான் நினைவுக்கு வருகிறது அம்மா. ஒரு நாள்கூட அழாமல் தூங்கியதில்லை" என்று இருந்தது. அதை வாசிக்கவில்லை. "எல்லாரையும் விசாரிச்சிருக்கா, அவ்வளவுதான்" என்று மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் அப்படித்தான். ஊர்ச் செய்தியெல்லாம் வாசிப்பேன். அம்மாவுக்காக எழுதிய வரிகளை விழுங்கிவிடுவேன். அன்றாடம் அம்மாவைத் தொட்டுக் கழுவுகிறவள் நான். கடிதத்தில் வந்து அவரை அழவைத்துவிட்டுப் போக அக்காவுக்கு என்ன உரிமை என்று நினைத்தேன்.

அக்கா போன ஐந்தாம் வருடம், லெந்து எனும் தவக்கால நாட்களில் அம்மா படுக்கையில் விழுந்தார். மூத்திரத்தில் தொற்று, பிறகு நெஞ்சில் சளி. காப்பாற்றக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது என்று மருத்துவர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். அந்த ஞாயிறு அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மாவுக்கு எப்படிடி இருக்கு? மனசு சரியில்ல. டிக்கெட் போட்டுடவா?"

"வேணாங்க்கா. நல்லாத்தான் இருக்காங்க. பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்கே வந்துடுவாங்க போல."

"உண்மையாத்தான் சொல்றியா?"

"பின்ன? நான் கூடத்தானே இருக்கேன்."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மா கேட்டார்: "பெரியவளா? வர்றாளா?"

"லீவு கெடைக்கலையாம்மா."

ஒரே நிமிடத்தில் இருவருக்கும் இரண்டு பொய். அக்கா வந்து கதவருகில் நின்றால் அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடம் நான் பார்த்துக்கொண்டும் என்னைப் பார்த்து ஒருமுறைகூட அப்படி மலராத முகம். அதைக் காண எனக்குத் தெம்பில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் அம்மா போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலையில் நான் முகம் துடைத்தபோது என் கையைப் பற்றி, "பெரியவளே, வந்துட்டியா" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் அக்கா வந்து சேர்ந்தார். "நல்லாத்தானே இருக்காங்கன்னு சொன்ன?" என்று கேட்டபோது, "திடீர்னு ஆயிடுச்சுக்கா" என்றேன். உறவினர்களாகிய நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். அந்த வேளையிலும், என்னைக் கட்டிக்கொள்ள ஒருவரும் வரவில்லையே என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பிப் போய் இன்னும் ஆறு வருடம் அந்த யூத அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு ஊர் திரும்பி, எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். வந்த முதல் வருடமே, ஈஸ்டருக்கு முந்தின பாடு வாரத்தில், புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையின் பொருளை விளக்கச் சொல்லிப் போதகர் அவரைக் கேட்டுக்கொண்டார். இருபது வருடம் ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்தியவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா பேசியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் ஒரே இரவில் புறப்பட நேர்ந்தது. மாவு பொங்கி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்த அவசரத்தின் நினைவுதான் இந்த அப்பம் என்றார். அதனால் அது விடுதலையின் அப்பம்; வறண்டு, ருசியில்லாமல் இருப்பதால் சிறுமையின் அப்பமும்கூட. இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இந்தப் பண்டிகையைக் கொண்டாடும்போதுதான் அப்பத்தை எடுத்துப் பிட்டார், நாம் திருவிருந்தில் வாங்குவது அந்த மேசையிலிருந்து வந்தது என்றார்.

நான் எழுந்தேன். அவரைத் தடுமாற வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இல்லை.

"கிறிஸ்து வந்த பிறகு இந்தச் சட்டமெல்லாம் நமக்கு எதுக்குங்க?"

சொந்த அக்காவைச் சபையில் 'ங்க' போட்டு அழைத்ததைப் பலர் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள்.

அக்கா பொறுமையாகச் சொன்னார்: "சட்டமா நமக்கு இல்லதான். அது அவங்க பண்டிகை, அவங்களுக்கு நாம அதச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. ஆனா நமக்கும் வேதத்துல ஒரு வார்த்த இருக்கு, பழைய புளிச்ச மாவைக் கழிச்சுப் போடுங்கன்னு. பொல்லாப்பு இல்லாம, உண்மையோட பண்டிகைய ஆசரிக்கச் சொல்லியிருக்கு. அந்தம்மா ஒரு துணுக்குக்காக பீரோவயே நகத்தச் சொல்வாங்க. அப்ப எனக்குத் தோணும், நான் எனக்குள்ள எதையாவது நகத்திப் பாத்திருக்கேனான்னு."

பின்னாலிருந்து ஒரு அம்மா, "அப்ப இட்லி மாவு பாவமா?" என்று கேட்டதும் கூட்டம் சிரித்தது.

அக்காவும் சிரித்தார். "மாவு மேல குத்தமில்லம்மா. ஏழு நாள் முடிஞ்சா அந்தம்மாவே புது ரொட்டிக்கு ஆள் அனுப்புவாங்க. ஆனா ஒண்ணு நமக்கெல்லாம் தெரியும். ஒரு கரண்டி பழைய மாவு போதும், ஒரு குண்டான் மாவையும் தன் புளிப்புக்குக் கொண்டுவந்துடும். வருஷம் முழுக்க அதிலேருந்து இது, இதிலேருந்து அதுன்னு போய்க்கிட்டே இருக்கும். எங்கயாவது ஒரு நாள் நிறுத்தினாத்தான் புதுசா ஆரம்பிக்க முடியும்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பெரிய வியாழன். காலையிலேயே அக்கா என் வீட்டுக்கு வந்து, "ஒரு பத்து அப்பம் சுட்டுக் காட்டறேன் வா" என்றார். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் பிசைந்து, திரட்டி, முள்கரண்டியால் குத்திச் சுட்டு எடுத்துவிட வேண்டுமாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்தார். நான் திரட்டினேன். மூன்றாவது அப்பம் கல்லில் கிடந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒன்ன நெனச்சா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமாடி?"

"என்னைய நெனச்சா?"

"வேற யாரு? அம்மாவக் கடைசியா குளிப்பாட்டினது நீ. நான் யாரோ ஒரு அம்மாவோட அலமாரியத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு வருஷமும் தேடும்போது நெனப்பேன், எங்கம்மா பக்கத்துல இந்நேரம் அவ இருக்கா, எனக்குக் குடுத்து வைக்கல."

திரட்டிக் கட்டை என் கையில் நின்றுவிட்டது. எந்த இடத்தைப் பார்த்து நான் வெந்தேனோ, அங்கிருந்து அக்கா என் இடத்தைப் பார்த்து ஏங்கியிருக்கிறார். அந்த இடத்தில் நான் அவருக்குப் பங்கு தரவில்லை. பொய் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, டிக்கெட் போடவான்னு கேட்டியே, அன்னைக்கு அம்மா பொழைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நீ வரக்கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கல்லில் இருந்த அப்பம் கருகியது. அடுப்பை அணைத்து, கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ஆராதனைக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திருவிருந்துக்கு எழுந்து வரவில்லை. நானும் போகவில்லை. போதகர் எங்கள் இருவரையும் பார்த்ததை நான் பார்த்தேன். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரத் தியானத்தில் எனக்கு முன்னால் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், நின்றார்.

"அம்மா கடைசி பதினோரு நாளும் என்ன செஞ்சாங்க, என்ன பேசினாங்க, ஒண்ணு விடாம சொல்லு. எனக்கு வலிக்கும்னு எதையும் விடாதே. நீ விட்டா எனக்குத் தெரியும்."

சொன்னேன். உச்சி வெயில்வரை சொன்னேன். கடிதங்களில் நான் விழுங்கிய வரிகளையும், அம்மா என்னை அக்கா என்று நினைத்துக் கையைப் பிடித்ததையும் சொன்னேன். அந்த இடத்தில்தான் அக்கா உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சுட்டேன்னு இன்னைக்கு வாயால சொன்னா அது பொய்யாயிடும். வரும்போது வரட்டும். நாளைக்குக் கோயிலுக்குச் சேர்ந்து போவோம்."

உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்கால ஆராதனைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம். பழைய நிலைக்கு வர எங்களுக்குச் சில வருடங்கள் ஆயின. இடையில் சண்டைகளும் இருந்தன. கோபம் வந்தால் அக்கா அந்தப் பதினோரு நாளைச் சொல்லிக் காட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன்.

இறுதி நோயில் அக்கா தஞ்சாவூரில் மருத்துவமனையில் கிடந்தபோது, வார்டுக்குப் புதிதாக வந்த செவிலிப் பெண், "கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டது. அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "என் தங்கச்சி. எங்கம்மாவையும் அவதான் பாத்துக்கிட்டா." மன்னிப்பு என்ற சொல்லை அக்கா கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அது போதும். மருத்துவமனையில் சேர்ந்த ஒன்பதாம் நாள் மதியம், என் கை அவர் நெற்றியில் இருக்கும்போது அமைதியாகப் போனார்.

அக்காவைக் கண்போல் பார்த்த அந்தச் செவிலியருக்கும் மருத்துவர்களுக்கும், இரவும் பகலும் வண்டி கொண்டுவந்த எதிர்வீட்டு பாய்க்கும், அவர் மனைவி அனுப்பிய கஞ்சிக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், அக்காவுக்குப் பிடித்த பாடல்களைப் பாடிய பாடகர் குழுவுக்கும், கடல் கடந்து அழைத்து மலையாளத்தில் அழுத அந்த யூத அம்மாவின் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா இறந்தபோது என் பேச்சை நம்பி அக்காவுக்கு ஆறுதல் சொன்ன உங்கள் எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. இன்று ஆராதனை முடிந்து சாப்பிட உட்காரும்போது அக்காவைப் பற்றிப் பேசுவீர்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். அவர் பாடியதை, சிரித்ததை, உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் வலிக்கும்; அது இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பந்தி பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.