வானத்துக்கு லாரி விட்ட அக்கா

என் அக்காவுக்கு வாய் நீளம். குறையாகச் சொல்லவில்லை, அந்த வாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டே என் பாதி வயது கழிந்தது. தேவாலாப் பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபது.

அங்கே மழை தொடங்கினால் நிற்கிற வழக்கம் கிடையாது. அந்த ஈரம் அக்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடையோடு மேட்டில் ஏறும்போது அவள் மூச்சு இழுக்கிற சத்தம் என் நிரைவரைக்கும் கேட்கும். கூடலூர் டாக்டர் மழையில் நனையாதே என்றார். கொழுந்து எடுப்பவளிடம் இதைச் சொல்வதற்கு அவர் அவ்வளவு படித்திருக்கவே வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை காலியானது. தாய்மார்கள் மலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. மேலே கூரை, கீழே சிமெண்டுத் தரை, பால் காய்ச்ச ஓர் அடுப்பு. அக்கா மனு கொடுத்தாள். இன்னும் நான்கு பேர் கொடுத்திருந்தார்கள். யாரைப் போடுவது என்பது மேனேஜர் கையில் இருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மழையை அக்கா தாண்டமாட்டாள் என்று எனக்கு நிஜமாகவே பயம்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். அந்த ஆகஸ்டில் நம் நாட்டு ராக்கெட் ஒன்று கடலில் விழுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த வருத்தத்தில் சுதந்திர தின விழாவுக்கு அவர் ஒரு பட்டிமன்றம் வைத்தார்: வருங்காலத்தில் வானத்துக்குப் போகப்போவது அரசாங்கமா, கம்பெனியா? நிலாவுக்கே அரசாங்கங்கள்தான் போய்வந்தன. கம்பெனி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் கம்பெனியையும் அரசாங்கத்தையும் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியான ஆள்கள் கிடைக்கமாட்டார்கள். இலங்கையில் கம்பெனித் தோட்டத்தில் பிறந்தோம். அந்தத் தோட்டத்தை அங்கத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தோம். இப்போது இங்கே இன்னோர் அரசாங்கத்திடம் கூலி வாங்குகிறோம்.

பேசுவதற்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் அக்காவும் பெயர் கொடுத்தார்கள். யாருக்கு எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கினார்கள். அரசாங்கக் கட்சி கணக்கப்பிள்ளைக்குப் போனது. கம்பெனிக் கட்சி அக்காவுக்கு வந்தது. விழாவுக்குத் தலைமை யார்? அரசாங்க மேனேஜர். நான் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டு எறங்கிரு அக்கா. நீ தோத்தாத்தான் நமக்கு வேலை" என்று கெஞ்சினேன்.

"தோக்கிறதுக்கா மைக்கு?" என்றாள்.

மழையால் விழாவைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் வைத்தார்கள். கணக்கப்பிள்ளை முதலில் பேசினார். "கம்பெனியா இருந்தா இந்த ராக்கெட் விழுந்த அன்னைக்கே நட்டம்னு கதவைச் சாத்தியிருப்பான். அரசாங்கம் மறுபடி செய்யும், விழுந்தா இன்னொண்ணு செய்யும்" என்றார். ஒரே கைதட்டல். அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்த வருஷமே ராக்கெட் மேலே போனது.

அக்கா மைக்கைப் பிடித்தாள். "பெரிய தொரை அவர்களே" என்று ஆரம்பித்தாள். வெள்ளைக்காரனைக் கூப்பிட்ட மாதிரி தன்னைத் தொரை என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று, மேனேஜர் வந்த முதல் நாளே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னவர். எங்களுக்கோ மூன்று தலைமுறைப் பழக்கம்; பெரிய மனிதரைக் கண்டால் நாக்கு தானாக அதைச் சொல்லிவிடும். மேனேஜர் முகம் சுருங்கியது. வேலை போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் நிற்கவில்லை. "கணக்கப்பிள்ளை சொன்னது சரிதான். காட்டை வெட்டி ரோடு போடுறது கவுருமெண்டுதான். மொத நட்டத்தைத் தாங்க கம்பெனியால ஏலாது. ஆனா ரோடு போட்ட பொறகு நம்ம கொழுந்தை ஏத்துற லாரி யாருது? தனியாள் லாரி. ஒரு நாளைக்கு மூணு நடை. வானத்துக்கும் அப்பிடித்தான் வரும். ஒரு நடை ஓட்டிட்டு லாரியைக் கடல்ல தள்ளுனா எந்தக் கம்பெனிக்குக் கட்டும்? போன ராக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்து, தொடச்சு, மறுநடை விடத்தான் பாப்பான்!"

கொட்டகை குலுங்கச் சிரித்தது. ராக்கெட்டைத் துடைக்கிறாளாம்! வாத்தியாரே வாயைப் பொத்திக்கொண்டார். போன வருஷம் என் மகள் செல்போனில் ஒன்று காட்டினாள். ஒரு கம்பெனி ராக்கெட் மேலே போய்விட்டு, நின்ற வாக்கிலேயே திரும்பி வந்து தரையில் இறங்கியது. மறுபடி அதையே அனுப்புவார்களாம். நான் அழுதேன். மகளுக்குக் காரணம் புரியவில்லை. எட்டாவது படித்த ஒரு கொழுந்துக்காரி அன்றைக்கே சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்?

சிரிப்பு அடங்கட்டும் என்று அக்கா நின்றாள். மூச்சு இழுத்தது, மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் பேசினாள்.

"எங்க பூட்டனை இலங்கைக்கு ஏத்திட்டுப் போனது கம்பெனித் தோட்டம். ஒப்பந்தம் போட்டு எங்களை இங்க ஏத்திவிட்டது இலங்கை, இந்தியா ரெண்டு கவுருமெண்டு. ரெண்டு தடவையும் போறியா, இருக்கியான்னு எங்களை ஒருத்தரும் கேக்கல. நாளைக்கு வானத்துக்கு யாரு வேணுமின்னாலும் கூட்டிட்டுப் போகட்டும். ஏறுறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏத்துங்க. அம்புட்டுத்தான்."

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மேனேஜர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு கணக்கப்பிள்ளைக்குப் போனது. ராத்திரி நான் அக்காவிடம் பேசவில்லை. கோபம் ஒரு பக்கம். இவள் என் அக்கா என்ற கர்வம் ஒரு பக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

நான்காம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. துணைக்கு நானும் போனேன். அக்காவின் மனு மேஜைமேல் இருந்தது. மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். எங்களை உட்காரச் சொன்னார், நாங்கள் உட்காரவில்லை.

"பிள்ளைக் காம்பரா வேலைக்கு உங்களைப் போடலாம்னு இருக்கறனுங்க. காலையில ஆறு மணிக்கே வரோணும், கூலி இதேதான். நான்பாட்டுக்கு ஆர்டர் போட்டுட்டா நல்லா இருக்காது. உங்களுக்குச் சம்மதமுங்களா?"

நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். தலையாட்டு, சீக்கிரம் தலையாட்டு என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுறேன் ஐயா."