ஒத்த டீச்சர் பள்ளிக்கூடம்

ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் வாய்விட்டுப் படிக்கும் சத்தம், பஞ்சு மில்லுக்குள் மெஷின் ஓடுவது போல இருக்கும். மம்சாபுரத்துக்கு மேற்கே இருந்த எங்கள் தொடக்கப்பள்ளியில் வடக்குச் சுவரைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு, தெற்குச் சுவரைப் பார்த்து இரண்டாம் வகுப்பு, கரும்பலகை இருந்த கிழக்கே மூன்றும் நான்கும், வாசலைப் பார்த்து ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது படித்த என் ஒரு காதில் அணிலும் ஆடும், மறு காதில் காவிரி பிறக்கும் இடமும் விழுந்துகொண்டே இருக்கும். நடுவில் விஜயா டீச்சர், உட்கார நேரமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஆசிரியர் மாறுதலில் போன பின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. "ஒத்த டீச்சர் பள்ளிக்கூடம்" என்றே ஊரில் பெயராகிவிட்டது. தனியார் பள்ளி வேன் எங்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். காலாண்டு லீவுக்குள் இரண்டாவது டீச்சர் வராவிட்டால் என்னையும் அதில் ஏற்றிவிடப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். விஜயா டீச்சரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. தெருவில் ஹாரன் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அம்மாவும் எதிர்வீட்டு மாரியம்மா அத்தையும் இன்னும் சில பெண்களும் கல்வி அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். பிள்ளைகள் படிப்பு கெடுகிறது, டீச்சர் மீட்டிங் போனால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்றெல்லாம் பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அதிகாரி நிமிர்ந்து, "அந்த டீச்சர் சரியா நடத்துறதில்லையா?" என்று கேட்டதுதான் தாமதம், அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்படிச் சொன்னா எங்க நாக்கு அழுகிரும்யா. அவிய ஒத்தையில அஞ்சு வகுப்பையும் அம்புட்டு அழகா பாத்துக்கிடுதாவ. எம் மவன் இப்ப பேப்பரே வாசிக்கான்."

அதன் பிறகு ஆளாளுக்கு டீச்சரின் பெருமைதான்: காய்ச்சலோடு வந்தது, சாப்பாட்டு நேரத்திலும் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, இப்படி ஒரு டீச்சர் இருக்கையில் உங்களுக்கு என்ன கவலை, ஆளே இல்லாத பள்ளிக்கூடங்களை அல்லவா முதலில் பார்க்கவேண்டும் என்றார். பெண்களும் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள். பஸ் மம்சாபுரத்தை நெருங்கும்போது அம்மா அத்தையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மயினி, நாம கேக்கப் போனது என்ன?"

மறுநாள் அம்மா சொல்லி விஷயத்தைக் கேட்ட டீச்சர் சிரித்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னையக் கொஞ்சம் கொறை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

லீவு முடிந்ததும் நான் வேனில் ஏறினேன். அடுத்த வருஷம் அத்தை மகனும் ஏறினான்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிஃப்டுக்கு ஆள் போடுவது என் வேலை. ஒரு பெண் இரண்டு மெஷினைச் சமாளித்துவிட்டால் மூன்றாவதையும் அவளிடமே கொடுக்கச் சொல்லி மேனேஜர் சொல்வதைத் தினமும் பார்க்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். அந்த இரைச்சல் இல்லை. சுவருக்கொரு வகுப்பு என்பதும் இல்லை. இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் அடங்கிவிட்டார்கள். என்னைவிடச் சின்னவரான புது டீச்சர் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தார். சிரமமாக இல்லையா என்று கேட்டேன்.

"பழகிருச்சுக்கா. சமாளிச்சிருதேன்."

"ஆபீஸ்ல யாரு கேட்டாலும் அப்படி மட்டும் சொல்லிராதீக டீச்சர்," என்றேன்.