பழகியதா, மரத்ததா?

தண்ணீரில் நின்று வேலை செய்பவருக்கு ரப்பர் பூட்ஸ் தரவேண்டும் என்பது விதி. நான் குமாஸ்தாவாக இருந்த ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் விதி சுவரில் தொங்கியது; பூட்ஸ் இல்லை. மார்கழிக் காலையில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் இறங்கும் தேவராஜ் கேட்டதற்கு, மேனேஜர் ஸ்வெட்டருக்குள்ளிருந்து சொன்னார்: "நாலு நாள் நின்னா உடம்பு பழகிடும்பா."

நான் பூட்ஸ் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்.

அடுத்த வாரம் தேவராஜே, "இப்ப குளிரே தெரியல சார், பழகிடுச்சி" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். அன்று தொட்டியிலிருந்து ஏறி வந்தவரின் பாதத்தில் ஆணி தைத்திருந்தது. அவர் சிரித்தபடி நடந்தார். ரத்தத்தை நான்தான் பார்த்தேன். கால் பழகவில்லை, மரத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் காப்பாற்றினார்கள்.

இப்போது குளிர் பழகிவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் காலைக் கிள்ளிப் பார்க்கிறேன். பூட்ஸ் வாங்க அனுமதித்துப் பதில் வந்தது, கத்திரி வெயில் தொடங்கிய அன்று.